‘காண்கிறோம்’ என்னும் குருடு: யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் பார்வையின்மையும் பாவமும் மனமாற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவச் சொற்பொழிவுகளிலும் சாட்சி இலக்கியத்திலும் மனமாற்றத்திற்கு முந்தைய நிலை ‘ஆன்மிகக் குருடு’ என்றும், பிந்தைய நிலை ‘பார்வை’ என்றும் உருவகிக்கப்படுகின்றன. இவ்வுருவகத்திற்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்படுவது யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரமாகும். அவ்வதிகாரத்தை எடுத்துரைப்பியல் நோக்கில் அணுகும் இக்கட்டுரை, அங்குப் பார்வையின்மை பாவத்தின் அடையாளமாக அமையவில்லை என்றும், காண்பதாகக் கூறிக்கொள்ளும் உறுதியே பாவத்தின் இருப்பிடமாகக் காட்டப்படுகிறது என்றும் வாதிடுகிறது. ‘அறிதல்’ என்னும் வினையின் பயன்பாடு, தமிழ் மொழிபெயர்ப்புகளின் சொல்தேர்வு, திருத்தூதர் பணிகளில் இடம்பெறும் சவுலின் வரலாறு, ஜான் நியூட்டனின் வாழ்க்கை ஆகியவை இவ்வாதத்திற்குத் துணையாகின்றன.

திறவுச்சொற்கள்: யோவான் நற்செய்தி, பார்வையின்மை, மனமாற்றம், சாட்சி, விவிலிய மொழிபெயர்ப்பு, எடுத்துரைப்பியல்

முன்னுரை

பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவர் இயேசுவால் பார்வை பெறும் நிகழ்ச்சியை யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரம் 41 வசனங்களில் விரித்துரைக்கிறது. கிறித்தவ மரபில் இவ்வதிகாரம் திருமுழுக்கு ஆயத்தத்தோடும் மனமாற்றச் சாட்சியோடும் நெடுங்காலமாகத் தொடர்புடையது. முன்பு குருடன், இப்போது காண்கிறேன் என்னும் வாய்பாடு, விசுவாசிகள் தம் வாழ்வை இரு பகுதிகளாகப் பிரித்துக் கூறுவதற்கான சட்டகமாகவே நிலைபெற்றுவிட்டது.

இச்சட்டகத்தில் இரு சிக்கல்கள் உள்ளன. ஒன்று, பார்வையின்மை அறியாமைக்கும் பாவத்திற்கும் உருவகமாகும்போது, உண்மையில் பார்வையற்றவராய் வாழும் மனிதர் பிறருடைய ஒழுக்கக் குறைக்கு எடுத்துக்காட்டாக்கப்படுகிறார். தமிழ்த் துறைகளில் பார்வையற்ற பேராசிரியர்களும் ஆய்வாளர்களும் பணியாற்றும் இக்காலத்தில், கிறித்தவ இலக்கியத்தைக் கற்பிப்போர் இச்சிக்கலைத் தவிர்த்துச் செல்ல இயலாது. இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவரும், நடுவயதில் பார்வையை முற்றிலும் இழந்தவருமான இறையியலர் ஜான் ஹல், 2001இல் வெளியிட்ட நூலில், பார்வையற்ற வாசகர் என்னும் நிலையில் நின்று விவிலியத்தோடு உரையாடினார். யோவான் நற்செய்தியின் ஒளி, இருள் உருவகங்கள் தம்மைப் போன்றோரை வெளியே நிறுத்துகின்றன என்னும் அவருடைய கேள்விக்கு விடை கூறாமல் இவ்வதிகாரத்தைப் படிப்பது நிறைவான படிப்பாகாது.

மற்றொன்று, மனமாற்றம் ஒரு நொடியில் முடிந்துவிடும் நிகழ்வாகக் கருதப்படுவது. பார்வை வந்துவிட்டது என்று கூறிய பின்னர், அப்பார்வையைப் பற்றி மேலும் வினவுவதற்கு அச்சட்டகத்தில் இடமில்லை. இவ்விரு சிக்கல்களும் ஒரே வேரிலிருந்து தோன்றுபவை என்பதும், பனுவலின் நகர்வு அவ்வேரையே வெட்டுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்களாகும்.

1. அதிகாரத்தின் அமைப்பு

இவ்வதிகாரத்தை ஏழு காட்சிகளாகப் பகுப்பது உரையாசிரியர்களிடையே பெருவழக்கு. பார்வை பெறுதல் (9:1-7), அண்டை வீட்டார் விவாதம் (8-12), பரிசேயரின் முதல் விசாரணை (13-17), பெற்றோர் விசாரணை (18-23), இரண்டாம் விசாரணை (24-34), இயேசு அவரை மீண்டும் சந்தித்தல் (35-38), பரிசேயரோடு இயேசு உரையாடல் (39-41) என்பன அவை. இவற்றுள் கண் திறக்கும் செயல் முதற்காட்சியிலேயே முடிந்துவிடுகிறது. எஞ்சிய ஆறு காட்சிகளும் அச்செயலைப் பற்றிய பேச்சாகவே அமைகின்றன. எட்டாம் வசனம் முதல் 34ஆம் வசனம் வரை, அதாவது 27 வசனங்களில், இயேசு காட்சியில் இல்லை. பார்வை பெற்றவர் தனியாக நின்று விடையிறுக்க வேண்டியவராகிறார்.

மாற்கு நற்செய்தியில் வரும் பர்த்திமேயு உரக்கக் கூவித் தனக்குப் பார்வை வேண்டுமென்று கேட்கிறார். யோவானில் வரும் இம்மனிதரோ எதையும் கேட்பதில்லை. அவரைப் பொருளாக வைத்துச் சீடர்கள் ஓர் இறையியல் வினாவை எழுப்புகின்றனர். அவரிடம் அவர்கள் பேசவில்லை. கண்களில் சேறு பூசப்பட்ட நிலையில், சிலோவாம் குளத்தில் கழுவுமாறு அவர் அனுப்பப்படுகிறார். எருசலேமில் 2004இல் வெளிப்பட்ட படிகளுடைய குளம் இச்சிலோவாமே என்று கருதப்படுகிறது. அப்பெயருக்கு ‘அனுப்பப்பட்டவர்’ என்று யோவான் பொருள் கூறுகிறார். பார்வையற்ற நிலையிலேயே அவர் அக்குளத்துக்குச் செல்கிறார் என்பது கருதத்தக்கது. கீழ்ப்படிதல் என்னும் முதல் அடியை அவர் பார்வையின்றியே எடுத்து வைக்கிறார்.

அவர் திரும்பியதும் அண்டை வீட்டார் குழம்புகின்றனர். பிச்சை கேட்டுக்கொண்டிருந்தவர் இவரா, இவரைப் போன்ற வேறொருவரா என்று விவாதிக்கின்றனர் (9:8-9). நாள்தோறும் அவரைக் கடந்து சென்றவர்கள் அவர் முகத்தைக் கண்டதில்லை என்பது இதனால் வெளிப்படுகிறது. அவர்கள் கண்டது பிச்சைக்காரன் என்னும் நிலையை மட்டுமே. பார்வையுடையோரின் பார்வைக்குறை இங்கேயே, எவ்வகை விளக்கவுரையுமின்றி, பதிவாகிவிடுகிறது. அந்த விவாதத்திற்கு நடுவே அவர் பேசும் முதற்சொல் ‘நானே’ என்பது. யோவான் நற்செய்தியில் இயேசு தம்மைக் குறிக்கப் பயன்படுத்தும் அதே கிரேக்கத் தொடரை, பயனிலைச் சேர்க்கையின்றி ஆளும் வேறு கதைமாந்தர் இவர் ஒருவரே. பிறர் பேச்சின் பொருளாக இருந்தவர் தன்னிலையில் பேசத் தொடங்குகிறார். மனமாற்றத்தின் முதல் அடையாளத்தை எடுத்துரைப்பாளர் கண்ணில் காட்டாமல் குரலில் காட்டுகிறார்.

2. பாவமும் பார்வையின்மையும் சந்திக்கும் நான்கு இடங்கள்

பார்வையின்மையும் பாவமும் ஒன்றோடொன்று தொடர்புறுத்தப்படும் இடங்கள் இவ்வதிகாரத்தில் நான்கு. அவற்றின் வரிசை அதிகாரத்தின் வாதத்தைத் தாங்கி நிற்கிறது.

முதலாவது, சீடர்களின் வினா (9:2). இவர் இவ்வாறு பிறந்தது இவருடைய பாவத்தாலா, பெற்றோருடைய பாவத்தாலா என்று அவர்கள் வினவுகின்றனர். இரண்டுள் ஒன்று உண்மையாக இருந்தே தீர வேண்டும் என்பது வினாவின் முற்கோள். இரண்டாவது, இயேசுவின் மறுப்பு (9:3). இரண்டையும் அவர் மறுக்கிறார். மூன்றாவது, பரிசேயரின் தீர்ப்பு (9:34). வாதத்தில் பின்தங்கிய அவர்கள், அம்மனிதர் முழுவதும் பாவத்திலேயே பிறந்தவர் என்று கூறி அவரை வெளியேற்றுகின்றனர். சீடர்கள் வினாவாக வைத்ததை இவர்கள் விடையாக வைக்கின்றனர். நான்காவது, இயேசுவின் இறுதிக் கூற்று (9:41). பரிசேயர் குருடராக இருந்திருப்பின் அவர்களுக்குப் பாவம் இராது என்றும், காண்பதாகச் சொல்லிக்கொள்வதால் அவர்களுடைய பாவம் நிலைத்திருக்கிறது என்றும் அக்கூற்று அமைகிறது.

அதிகாரத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இயேசு ஒரே செயலைச் செய்கிறார்: பார்வையின்மையைப் பாவத்திலிருந்து பிரிக்கிறார். தொடக்கத்தில் உடல்சார்ந்த பார்வையின்மைக்குப் பாவம் காரணமன்று என்கிறார். முடிவில் ஒரு படி மேலே சென்று, பார்வையின்மையைக் குற்றமற்ற நிலைக்கு எடுத்துக்காட்டாக்குகிறார். நடுவில் இரண்டையும் இணைப்போர் சீடர்களும் பரிசேயருமே. ஆகவே, ‘ஆன்மிகக் குருடு’ என்பதைப் பாவத்திற்கு மறுபெயராக வழங்கும் பிற்கால வழக்கு, இவ்வதிகாரத்தில் மறுக்கப்படும் தரப்பினரின் கருத்தோடு ஒத்துப்போகிறது. இப்பனுவலை மேற்கோளாகக் காட்டியே அவ்வழக்கு நிலைபெற்றது என்பது வாசிப்பு வரலாற்றின் முரண்.

இங்கு ஓர் இடர்ப்பாட்டையும் கருத வேண்டும். மூன்றாம் வசனத்தின் பிற்பகுதி, கடவுளின் செயல்கள் அவரிடம் வெளிப்பட வேண்டும் என்று கூறுகிறது. ஒரு மனிதரைப் பார்வையற்றவராகப் பிறக்கவைத்துப் பல ஆண்டுகள் பிச்சையெடுக்கச் செய்தது, ஒரு நாள் நிகழவிருந்த அற்புதத்திற்காகத்தானா என்னும் வினா எழுவது இயல்பு. பழைய கிரேக்கச் சுவடிகளில் நிறுத்தற்குறிகள் அரிதாதலின், அத்தொடரை அடுத்த வசனத்தோடு இணைத்துப் படிக்கலாம் என்று கருதும் அறிஞர் உளர். அவ்வாறு படித்தால், கடவுளின் செயல்கள் வெளிப்படும் பொருட்டு, பகலாயிருக்கும்போதே நாம் பணிசெய்ய வேண்டும் என்னும் பொருள் கிடைக்கும். அப்போது அத்தொடர் பார்வையின்மைக்குக் காரணம் கூறுவதாக அமையாமல், காண்போருக்குக் கடமை கூறுவதாக அமைகிறது. இலக்கணத்தால் மட்டும் இவ்விரண்டில் ஒன்றை உறுதிசெய்ய இயலாது. எனினும், காரணம் தேடும் சீடர்களைச் செயலை நோக்கித் திருப்பும் போக்கு இரண்டாம் வாசிப்பில் தெளிவாகிறது. அதிகாரத்தின் பிற பகுதிகளோடும் அது இயைகிறது.

3. அறிதல் என்னும் வினை

‘ஒய்டா’ என்னும் கிரேக்க வினை ‘அறிவேன்’ என்று பொருள்படும். இது காணுதலைக் குறிக்கும் வேரிலிருந்து முற்றிய வடிவில் தோன்றியது. ‘கண்டிருக்கிறேன், ஆகவே அறிவேன்’ என்பது அதன் உள்ளமைப்பு. இவ்வினை இவ்வதிகாரத்தில் 12ஆம் வசனத்திற்கும் 31ஆம் வசனத்திற்கும் இடையில் 11 முறை வருகிறது. கண் திறத்தலைக் குறிக்கும் வினை 10ஆம் வசனம் முதல் 32ஆம் வசனம் வரை 7 முறை வருகிறது. விசாரணைக் காட்சிகள் முழுவதும் திறந்த கண்ணையும் அறிந்த அறிவையும் எதிரெதிரே நிறுத்துகின்றன.

இவ்வினையை யார் எவ்வாறு ஆள்கின்றனர் என்பதே முதன்மையானது. பார்வை பெற்றவரின் முதல் ஆட்சி எதிர்மறையானது. இயேசு எங்கே என்னும் வினாவுக்கு அறியேன் என்கிறார் (9:12). இயேசு பாவி என்பதை நாங்கள் அறிவோம் என்று பரிசேயர் உறுதிபடக் கூறும்போது (9:24), அதுபற்றித் தமக்குத் தெரியாது என்றும், தாம் அறிந்தது ஒன்றே, அதாவது தமக்கு நேர்ந்த மாற்றமே என்றும் விடையளிக்கிறார் (9:25). மானிட மகனைக் குறித்து வினவப்படும்போது அவர் யாரென்று கேட்கிறார் (9:36). அறியாமையை ஏற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் பின்னர் அவர் இயேசுவைக் குறிக்கும் முறை உயர்கிறது: இயேசு எனப்படும் மனிதர் (9:11), இறைவாக்கினர் (9:17), கடவுளிடமிருந்து வந்தவர் (9:33), இறுதியாக ஆண்டவர் (9:38).

பரிசேயரின் நகர்வு இதற்கு நேர்மாறானது. தொடக்கத்தில் அவர்களிடையே பிளவு உண்டு. ஓய்வுநாளை மீறியவர் கடவுளிடமிருந்து வந்திரார் என்று ஒரு சாராரும், பாவியால் இத்தகைய அடையாளங்களைச் செய்ய இயலுமோ என்று மறு சாராரும் கூறுகின்றனர் (9:16). அந்த ஐயத்தில் அறிதலுக்கான வாய்ப்பு இருந்தது. இரண்டாம் விசாரணையில் அந்த ஐயக்குரல் கேட்கப்படவில்லை. ‘நாங்கள் அறிவோம்’ என்னும் பன்மைக் குரலே எஞ்சுகிறது (9:24, 29). குருடாதல் என்பது இவ்வதிகாரத்தில் ஒரு நிலையாக இல்லாமல், ஐயத்தைக் கைவிடும் படிமுறையாக அமைகிறது.

இவ்விரு தரப்பினரையும் ‘அறியேன்’, ‘அறிவோம்’ என்னும் இரு சொற்களுக்குள் அடக்கிவிட முடியாது என்பதையும் சுட்ட வேண்டும். பெற்றோரும் தெரியாது என்றே கூறுகின்றனர் (9:21). ஆனால் அவர்களுடைய அறியாமை, தொழுகைக்கூடத்திலிருந்து விலக்கப்படுவோம் என்னும் அச்சத்திலிருந்து பிறந்தது என்பதை எடுத்துரைப்பாளரே கூறிவிடுகிறார் (9:22). மறுபுறம், பார்வை பெற்றவரும் 31ஆம் வசனத்தில் ‘நாம் அறிவோம்’ என்று வாதிடுகிறார். அங்கு அவர் எடுத்துக்கொள்வது, பாவிகளுக்குக் கடவுள் செவிசாய்ப்பதில்லை என்னும் பொதுக்கொள்கை. கேட்போரும் ஏற்கும் கொள்கையை முற்கோளாக வைத்து, தமக்கு நேர்ந்ததைத் துணைச்சான்றாக்கி, அவர் முடிவுக்கு வருகிறார். எனவே பனுவல் அறிவுக்கு எதிரானதன்று. நேர்ந்ததைக் கேட்க மறுக்கும் அறிவையே அது குருடு என்கிறது.

இவ்வறிதலுக்கு அவர் விலை கொடுக்கிறார். பிச்சைக்காரராக இருந்தபோது அவருக்குச் சமூகத்தில் ஓர் இடம் இருந்தது. பார்வை பெற்றபின் அவர் வெளியே தள்ளப்படுகிறார். ஜே. லூயிஸ் மார்ட்டின் 1968இல் வெளியிட்ட ‘நான்காம் நற்செய்தியில் வரலாறும் இறையியலும்’ என்னும் நூல், தொழுகைக்கூட விலக்கல் பற்றிய குறிப்பில் யோவான் சமூகத்தின் சொந்த அனுபவம் பதிந்துள்ளது என்று வாதிட்டது. அவ்வரலாற்று மீட்டுருவாக்கம் பின்னர் பலரால் வினவப்பட்டது. எவ்வாறாயினும், இங்கு விசாரிப்போரும் விசாரிக்கப்படுவோரும் இயேசுவும் யூதரே ஆதலின், இதனை யூதர் மீதான பொதுக் குற்றச்சாட்டாகப் படிப்பது பிழையாகும். சமய அதிகாரம் எங்கிருப்பினும் அதனிடம் எழக்கூடிய உறுதியே இங்கு ஆய்வுக்குள்ளாகிறது.

இறுதி அறிக்கை இடம்பெறும் 38ஆம் வசனமும் அடுத்த வசனத்தின் தொடக்கமும், பாப்பிரசு 75, சினாயிக்குச் சுவடியின் திருத்தப்படாத பாடம் ஆகிய பழைய சான்றுகளில் இல்லை. திருமுழுக்கு வழிபாட்டின் தாக்கத்தால் அப்பகுதி பின்னர்ச் சேர்ந்திருக்கலாம் என்று கருதுவோரும் உளர். அதனை நீக்கிப் படித்தாலும் இக்கட்டுரையின் வாதம் குன்றாது. அம்மனிதரின் மாற்றம் அறிக்கைச் சொல்லில் மட்டும் தங்கியிராமல், விசாரணை முழுவதிலும் படிப்படியாக நிகழ்ந்துவிட்டது.

4. தமிழில் இவ்வதிகாரம்

சீகன்பால்குவின் மொழிபெயர்ப்பில் நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும் 1714இல் தரங்கம்பாடியில் அச்சேறின. புதிய ஏற்பாடு 1715இல் நிறைவுற்றது. அன்று தொடங்கிய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு மரபில், இவ்வதிகாரத்தைப் பொறுத்தவரை இரு சொல்தேர்வுகள் ஆராயத்தக்கன.

முதலாவது, மரியாதை வடிவம். கிரேக்க மொழியில் ‘அவன்’, ‘அவர்’ என்னும் வேறுபாடு இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதனைத் தேர்ந்தே ஆக வேண்டும். ஹென்றி பவர் தலைமையில் திருத்தம்பெற்று 1871இல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பில் அம்மனிதர் ‘குருடன்’ என்றும் ‘அவன்’ என்றும் சுட்டப்படுகிறார். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘பார்வையற்றவர்’, ‘அவர்’ என்னும் வடிவங்களை மேற்கொள்கிறது. இதனைக் கால மாற்றத்தால் நேர்ந்த நாகரிகத் திருத்தம் என்று மட்டும் கொள்ள இயலாது. ‘அவன்’ என்று தொடங்கும் எடுத்துரைப்பு, அம்மனிதரைப் பார்க்கும் கோணத்தில் அண்டை வீட்டாரோடும் பரிசேயரோடும் வாசகரை நிறுத்துகிறது. அவரிடமிருந்து கற்க வேண்டிய நிலைக்கு வாசகர் வருவதற்கு அவ்வடிவம் தடையாகிறது. ‘அவர்’ என்னும் வடிவமோ, பிச்சையெடுத்த நாளிலும் அவர் மதிப்பிற்குரியவரே என்னும் எடுத்துரைப்பாளர் நிலையைக் காக்கிறது. கதைமாந்தர் கூற்றில் இழிவும் எடுத்துரைப்பாளர் கூற்றில் மதிப்புமாக வேறுபடுத்திக் காட்டும் வாய்ப்பைத் தமிழ் தருகிறது. கிரேக்கம் குறிப்பாக உணர்த்துவதை வெளிப்படையாக்க வல்லது இவ்வாய்ப்பு.

இரண்டாவது, ‘கீரியே’ என்னும் விளிச்சொல். இது 36ஆம் வசனத்திலும் 38ஆம் வசனத்திலும் வருகிறது. ‘ஐயா’ என்னும் பொது மரியாதைக்கும் ‘ஆண்டவரே’ என்னும் வழிபாட்டு விளிக்கும் அச்சொல் இடந்தரும். இரண்டு இடங்களிலும் ‘ஆண்டவரே’ என்று பெயர்த்தால், தாம் யாரோடு பேசுகிறோம் என்பதை அறியுமுன்னரே அவர் அறிக்கையிட்டவராகிவிடுகிறார். முன்னதை ‘ஐயா’ என்றும் பின்னதை ‘ஆண்டவரே’ என்றும் பெயர்க்கும்போது, ஒரே சொல் இரு வசனங்களுக்கிடையில் பொருள் மாறும் நிகழ்வு தமிழில் புலப்படுகிறது. ஆனால், மூலத்தில் சொல் மாறவில்லை. சொல்பவரே மாறுகிறார் என்னும் நுட்பம் மறைந்துபோகிறது. இரு தேர்வுகளிலும் ஓர் இழப்பு உண்டு.

தமிழ் வாசகர் இவ்வதிகாரத்தின் இறுதி வசனத்தை எதிர்கொள்ளும்போது, சைவ சித்தாந்தத்தின் ஆணவக் கோட்பாடு நினைவுக்கு வருவது இயல்பே. புறவிருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னை இருளென்று காட்டிவிடுகிறது. ஆணவமோ தான் மறைப்பதையும் மறைத்துவிடுகிறது என்று உமாபதி சிவம் திருவருட்பயனின் இருள்மலநிலைப் பகுதியில் வேறுபடுத்துகிறார். தன்னை அறியாத மறைப்பே கொடிய மறைப்பு என்னும் கருத்தில் இரு பனுவல்களும் நெருங்குகின்றன. எனினும் ஆணவம் உயிரை அநாதியே பற்றிய மலம். யோவான் காட்டும் குருடோ ஐயத்திலிருந்து உறுதிக்குச் செல்லும் மனிதர் விசாரணை ஒன்றின் போக்கில் மேற்கொள்வது. இவ்வேறுபாட்டை விட்டுவிட்டு இரண்டையும் ஒன்றாக்குவது ஒப்பியலுக்குப் பயன் தராது.

5. சவுல்: குருடான பின் காண்பவர்

யோவானின் பரிசேயர் தம் உறுதியை இழந்திருப்பின் என்னவாகியிருப்பர்? இவ்வினாவுக்குத் திருத்தூதர் பணிகளின் 9ஆம் அதிகாரத்தில் வரும் சவுலின் வரலாறு ஒரு விடையாகிறது. சவுலும் பரிசேயர், ஐயமின்றிச் செயல்படுபவர். தமஸ்கு செல்லும் வழியில் ஒளி சூழ்ந்தபின், அவருடைய கண்கள் திறந்திருந்தும் அவரால் எதையும் காண இயலவில்லை (9:8). பிறர் கைப்பிடித்து அழைத்துச் செல்ல, மூன்று நாள் உண்ணாமலும் குடியாமலும் இருக்கிறார். யோவானின் மனிதர் பார்வையின்மையிலிருந்து பார்வைக்கு வருகிறார். சவுலோ பார்வையிலிருந்து பார்வையின்மைக்குச் சென்று மீள்கிறார். அந்த மூன்று நாள்களும் அவர் கட்டளையிட இயலாதவராய், பிறரை நம்பியிருப்பவராய் வாழ்ந்த காலம். தாம் சிறைபிடிக்க வந்த குழுவைச் சேர்ந்த அனனியா, அச்சத்தைக் கடந்து வந்து சகோதரரே என்று விளிக்கும்போதுதான் (9:17) செதிள்கள் போன்றவை விழுந்து பார்வை மீள்கிறது. சவுலின் வாழ்வில் பார்வை, பகைவராகக் கருதப்பட்டவரின் கையிலிருந்து வருகிறது.

கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1963இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், பவுலைக் குற்றவுணர்வால் துன்புற்று விடுதலை தேடியவராகக் காண்பது பிற்கால மேற்கத்திய அகநோக்கின் விளைவு என்று சுட்டினார். தம்மை நியாயச் சட்டத்தின்படி குற்றமற்றவராகவே பவுல் கருதியிருந்தார் என்பதற்குப் பிலிப்பியர் மடல் சான்று (3:6). எனவே அவரிடம் உடைந்தது குற்றவுணர்வன்று, உறுதியே எனலாம்.

இந்நிகழ்வு திருத்தூதர் பணிகளில் மும்முறை கூறப்படுகிறது. 9, 22 ஆகிய அதிகாரங்களில் சவுல் பார்வையிழந்த செய்தி உண்டு. 26ஆம் அதிகாரத்தில் அகிரிப்பா முன் பேசும்போது அச்செய்தி இடம்பெறவில்லை; மாறாக, பிறவினத்தாரின் கண்களைத் திறப்பதே அவருக்கு அளிக்கப்பட்ட பணியாகக் கூறப்படுகிறது (26:18). தம் பார்வையின்மை சொல்லப்படாமல் போகும் இடத்திலேயே பிறருடைய பார்வையின்மை உருவகமாகத் தோன்றுகிறது. லூக்காவின் நோக்கம் அவையேற்ற சுருக்கமாகவே இருக்கலாம். ஆயினும் கிறித்தவச் சாட்சி மரபின் பிற்காலப் போக்கு இவ்விடத்தில் முன்கூட்டியே தெரிகிறது: சாட்சி கூறுவோர் தம் பார்வையின்மையை இறந்தகாலத்தில் வைத்து, பிறருடையதை நிகழ்காலத்தில் வைக்கின்றனர்.

6. ஜான் நியூட்டன்: நாற்பது ஆண்டு இடைவெளி

இப்போக்கின் விளைவை ஒரு வாழ்க்கை வரலாற்றில் சோதித்துப் பார்க்கலாம். ஆங்கிலக் கிறித்தவப் பாடல்களுள் உலகெங்கும் பரவிய ‘அமேசிங் கிரேஸ்’ யோவான் 9:25இன் வாய்பாட்டை எடுத்தாள்வது. அதனை இயற்றிய ஜான் நியூட்டன் (1725-1807) கடலோடியாக இருந்தவர். 1748 மார்ச்சில் கடும் புயலில் சிக்கிய நிகழ்வைத் தம் மனமாற்றத்தின் தொடக்கமாகக் கருதியவர். ஆனால் அதற்குப் பின்னரே, 1750 முதல் 1754 வரை, அவர் அடிமை வணிகக் கப்பல்களுக்குத் தலைவராகப் பணியாற்றினார். கப்பலின் கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்க மக்கள் விலங்கிடப்பட்டிருக்க, மேலே அவர் இறைவேண்டலும் மறைநூல் வாசிப்புமாக வாழ்ந்தார். 1754இல் கடற்பணியிலிருந்து விலகியதற்கு உடல்நலக்குறைவே உடனடிக் காரணம். 1764இல் குருவானார். மேற்குறித்த பாடலை 1773 புத்தாண்டு வழிபாட்டிற்காக எழுதினார். அது 1779இல் அச்சேறியது. அடிமை வணிகத்துக்கு எதிரான அவருடைய சிறுநூல் 1788இல்தான் வெளிவந்தது.

புயலுக்கும் சிறுநூலுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள் உள்ளன. பார்வை பெற்றதாகப் பாடிய காலத்தில் தம் வாழ்வின் பெருங்குற்றத்தை அவர் பொதுவில் கண்டு கூறவில்லை. இதனைக் கொண்டு அவருடைய மனமாற்றம் பொய் என்று தீர்ப்பது எளிது. பனுவலின் நோக்கில் அது தவறான தீர்ப்பு. யோவானின் மனிதர் கழுவிய கணத்தில் கண் பெற்றார். தம்மைக் குணமாக்கியவர் யாரென்பதை இறுதியிலேயே அறிந்தார். இரண்டுக்கும் இடையே வினாக்கள் நிறைந்த நெடுந்தொலைவு இருந்தது. நியூட்டனும் அப்புயல் நாளிலேயே தாம் முழுமையான விசுவாசியாகிவிட்டதாகக் கருதவில்லை என்று பின்னர் எழுதினார். சிறுநூலில் அவர், தமக்கு அக்காலத்தில் மனச்சான்றின் உறுத்தல் எழவில்லை என்று ஒப்புக்கொள்வதோடு, கவனமின்மையும் தன்னலமும் அத்தீமை புலப்படாமல் தடுத்தன என்றும் குறிப்பிடுகிறார். மனமாற்றத்துக்குப் பிந்தைய தம் ஆண்டுகளிலும் பார்வையின்மை இருந்தது என்னும் ஒப்புதல் இது. அவருடைய சாட்சிகளுள் 9:41இன் பொருளை மிக நெருங்குவது, புகழ்பெற்ற அப்பாடலைவிட, குறைவாகவே படிக்கப்படும் இச்சிறுநூலே ஆகும்.

7. வாதத்தின் எல்லை

மேற்கூறிய வாசிப்பு ஹல்லின் கேள்வியை முற்றிலும் தீர்த்துவிடுவதில்லை. காண்போர் குருடராகும்படி தாம் வந்ததாக இயேசு கூறும் 39ஆம் வசனத்தில் பார்வையின்மை தீர்ப்பின் விளைவாகவே வருகிறது. 12ஆம் அதிகாரத்தில் எசாயாவின் வாக்கை எடுத்தாளும் யோவான், நம்பாமையைக் கண்கள் குருடாக்கப்பட்ட நிலையாக விளக்குகிறார் (12:40). அன்றியும், பார்வை பெறாமலேயே சீடராகத் தொடரும் ஒருவரை இந்நற்செய்தி காட்டவில்லை. உருவகத்தின் பழஞ்சுமை பனுவலிலும் உண்டு.

ஆயினும் 9ஆம் அதிகாரம் அவ்வுருவகத்தைத் தன்னுள்ளேயே திருத்துகிறது என்பதை மறுக்க இயலாது. பார்வையற்ற மனிதரைப் பாவத்தின் எடுத்துக்காட்டாக்கும் வினாவோடு தொடங்கி, அவ்வாறு வினவும் பார்வையையே விசாரணைக்குட்படுத்தி அது முடிகிறது. இத்திருத்தத்தை வாசிப்பில் மீட்பது, கிறித்தவ இலக்கியம் கற்பிப்போரின் கடமையாகிறது.

முடிவுரை

யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் பார்வையின்மையும் பாவமும் இணைக்கப்படுவது சீடர்களின் வினாவிலும் பரிசேயரின் தீர்ப்பிலுமே. இயேசுவின் கூற்றுகள் இரண்டும் அவற்றைப் பிரிக்கின்றன. பார்வை பெற்றவரின் மாற்றம், அறியேன் என்று கூறும் நேர்மையில் தொடங்கி, விசாரணையினூடே தன் குரலைப் பெற்று, விலக்கப்படுதலைத் தாங்கி, வழிபாட்டில் நிறைவுறுகிறது. பரிசேயரின் குருடு, ஐயத்தைக் கைவிட்ட உறுதியில் பிறக்கிறது. சவுலின் வரலாறு அவ்வுறுதி உடையும் முறையையும், நியூட்டனின் வாழ்க்கை அது மனமாற்றத்துக்குப் பின்னும் மீண்டும் தோன்றக்கூடும் என்பதையும் புலப்படுத்துகின்றன. தமிழில் இவ்வதிகாரத்தின் மரியாதை வடிவங்களும் விளிச்சொற்களும் வாசகரின் நிலைப்பாட்டையே மாற்றுகின்றன என்பதால், மொழிபெயர்ப்பாய்வு இங்கு இறையியலாய்வோடு இணைந்தே நிகழ வேண்டும்.

கிறித்தவ நம்பிக்கை தரும் பார்வையை முடிந்துபோன நிகழ்வாகக் கொள்ளும் சாட்சி, இப்பனுவலின்படி, மீண்டும் குருடாகும் வாய்ப்பைத் தன்னுள் கொண்டிருக்கிறது. ‘நாங்களும் குருடரோ’ என்னும் பொருளில் பரிசேயர் இறுதியில் எழுப்பிய வினாவை (9:40) அவர்கள் மறுப்பை எதிர்பார்த்தே எழுப்பினர். அவ்வினாவை உண்மையான வினாவாகவே தம்மிடம் கேட்டுக்கொள்ளும் வாசகர், அவ்வதிகாரத்தின் நோக்கத்திற்கு அணுக்கமாகிறார்.